ஹோஸ்ட் சர்வருக்குப் பேட்ச் போடும்போது ஸ்னாப்ஷாட் காப்பாற்றுமா?

கேள்வி: எங்களிடம் ஈஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் விஎம்வேர் மென்பொருள்) ஓடும் ஹோஸ்ட் சர்வர் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அதில் 11 மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. இப்போது பாதுகாப்புப் பேட்ச் ஒன்று வந்திருக்கிறது. எல்லா மெய்நிகர் கணினிகளுக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுப் பேட்ச் போட்டால், கோளாறு நேரும்போது பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் அல்லவா?

பதில்: திரும்ப முடியாது. ஸ்னாப்ஷாட் மெய்நிகர் கணினியின் நிலையைக் குறித்து வைக்கிறது. பேட்ச் மாற்றுவதோ அந்தக் கணினிகளைத் தாங்கி நிற்கும் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயை. மேலும், ஸ்னாப்ஷாட் கோப்புகள் அசல் வட்டுக் கோப்புகளோடு அதே டேட்டாஸ்டோர் என்ற சேமிப்பிடத்தில்தான் கிடக்கும். அசல் போனால் அவையும் போயிற்று. ஆகவே, முழு பேக்கப்பை வேறொரு சேமிப்பகத்தில் எடுத்து, அதிலிருந்து ஒரு கணினியையாவது மீட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஹோஸ்டுக்கான பின்வாங்கும் வழி ஈஎஸ்எக்ஸ்ஐக்குள்ளேயே இருக்கிறது. அது பூட் பேங்க் எனப்படும் இரண்டு பகுதிகளை வைத்திருக்கிறது. நடப்புப் பதிப்பு ஒன்றில் ஓடிக்கொண்டிருக்க, பேட்ச் மற்றதில் எழுதப்பட்டு, ரீபூட்டுக்குப் பின் அதுவே நடப்புப் பதிப்பாகிறது. புதியது சரியில்லை என்றால், சர்வர் எழும்போது ஷிஃப்ட் விசையுடன் ஆர் விசையை அழுத்திப் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு படிதான் பின்னால் போக முடியும். ரீபூட் ஆனபின் அடுத்த பேட்சையும் போட்டுவிட்டால் பழைய பதிப்பு அழிந்துவிடும். எனவே முதல் பேட்சைச் சில நாட்கள் ஓடவிட்டுப் பாருங்கள். ஹோஸ்டின் அமைவுகளையும் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். அதை மீட்க அதே பில்ட் எண் (ஈஎஸ்எக்ஸ்ஐயின் துல்லியமான பதிப்பு எண்) தேவைப்படும் என்பதால் அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஹோஸ்ட் என்பதால் ஓடும் கணினிகளை, நிறுத்தாமலே வேறு ஹோஸ்டுக்கு மாற்றும் விமோஷன் மூலம் நகர்த்த இடமில்லை. அனைத்தையும் நிறுத்தியாக வேண்டும். டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை) தரும் கணினியைக் கடைசியாக நிறுத்தி, முதலாவதாக எழுப்புங்கள். ஹோஸ்டின் ஐபி முகவரியையும் ரூட் கடவுச்சொல்லையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கடவுச்சொற்களைச் சேமித்திருந்த மெய்நிகர் கணினியையே நிறுத்திவிட்டு, ஹோஸ்டுக்குள் நுழைய வழியின்றி நான் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்திருக்கிறேன்.

பேட்ச் கோப்பை டேட்டாஸ்டோரில் ஏற்றி, ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடு எனும் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோனபின், கட்டளையில் 'ப்ரொஃபைல் இன்ஸ்டால்' என்று அடிக்காமல் 'ப்ரொஃபைல் அப்டேட்' என்றே அடியுங்கள். முன்னது, சர்வர் தயாரிப்பாளர் தனியாகச் சேர்த்திருக்கும் டிரைவர்களை அகற்றிவிடக்கூடும். பின்னது அவற்றை விட்டுவைத்துப் பழையதை மட்டும் புதுப்பிக்கும். அதற்கும் முன்பாக, அதே கட்டளையை 'டிரை ரன்' விருப்பத்துடன் ஒருமுறை ஓட்டினால், எவை சேரும், எவை நீங்கும் என்ற பட்டியல் வரும். நீங்குபவற்றில் நெட்வொர்க் அட்டையின் டிரைவரோ சேமிப்பகக் கட்டுப்படுத்தியின் டிரைவரோ இருந்து, அதற்கு ஈடான புதிய பதிப்பு சேர்பவற்றில் இல்லையென்றால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலைப் படிக்கச் செலவிடும் ஐந்து நிமிடம்தான் முழு வேலையிலும் மிக முக்கியமானது.

ரீபூட் செய்தபின் நினைவகம் அதிகமுள்ள சர்வர் எழுந்துவர 10, 15 நிமிடம்கூட ஆகலாம். பொறுமையிழந்து பவர் பொத்தானைத் தொடாதீர்கள். எழுந்தபின் பில்ட் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெயின்டனன்ஸ் மோடிலிருந்து வெளியேற்றுங்கள். அது வரை மெய்நிகர் கணினிகள் கிளம்பா. வேலைக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் மறக்காமல் நீக்குங்கள். இல்லையேல் அவை வளர்ந்து டேட்டாஸ்டோரையே நிரப்பிவிடும்.

கேள்வி: எங்கள் ஹோஸ்ட் உள்வலையில்தான் இருக்கிறது, இணையத்தோடு தொடர்பில்லை. பேட்சைத் தள்ளிப்போடலாமா?

பதில்: சில நாட்கள் தள்ளலாம், மாதக்கணக்கில் கூடாது. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (பணம் பறிக்கும் தீநிரல்) ஆயிரக்கணக்கான ஹோஸ்டுகளைப் பூட்டியபோது, அது பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டிருந்தது. அவை இணையத்தில் வெளிப்பட்டுக் கிடந்தவை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஆபத்து மெய்நிகர் கணினிக்குள்ளிருந்தும் கிளம்பும். 2015இல் வெளியான வெனம் ஓட்டை, கியூஇஎம்யூ என்ற வேறொரு மெய்நிகராக்க மென்பொருளின் மெய்நிகர் ஃபிளாப்பி கட்டுப்படுத்தியில் இருந்தது. மெய்நிகர் கணினி ஒன்றில் நிர்வாகி உரிமை பெற்றவர் அதன் வழியாக ஹோஸ்டையே எட்டிப்பிடிக்க வாய்ப்பிருந்தது. ஃபிளாப்பியை யாரும் பயன்படுத்தாத காலத்தில் அந்த நிரல் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது!

வந்த அன்றே போட்டுவிட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாட்டுக்காக இன்டெல் தந்த மைக்ரோகோடு (செயலியின் உள்நிரல்) சில சர்வர்களைத் தாமாகவே ரீபூட் ஆக வைத்ததால், அதை நிறுவ வேண்டாம் என்று அந்நிறுவனமே அம்மாதத்தில் அறிவிக்க நேர்ந்தது. தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓட்டை என்றால் உடனே போடுங்கள். மற்றவற்றுக்கு ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, பிறருடைய அனுபவத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: நான்கு பேட்சுகளைத் தவறவிட்டேன். வரிசையாகப் போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஒரே வெளியீட்டுக்குள் ஈஎஸ்எக்ஸ்ஐ பேட்சுகள் முந்தையவற்றையும் உள்ளடக்கியே வருகின்றன. கடைசியை மட்டும் போட்டால் போதும். ஹோஸ்டுகளை மையமாக நிர்வகிக்கும் விசென்டர் இருந்தால் அதை முதலில் புதுப்பித்துவிட்டு ஹோஸ்டுக்கு வாருங்கள்.