கழுத்தில் கயிறு புதைந்த காவல் நாய்: குருணை மருந்து வைக்கலாமா?

கேள்வி: மூன்று ஏக்கர் மாந்தோப்பும் பன்னிரண்டு வெள்ளாடுகளும் வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் காய் இறக்கி முடிந்ததும் காவல் நாயை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குட்டியில் கட்டிய நைலான் கயிறு கழுத்துச் சதைக்குள் புதைந்து, புழு வைத்து நாறுகிறது. எலும்பும் தோலுமாக எங்கள் கொட்டகையில் வந்து படுத்திருக்கிறது. புண்ணில் குருணை மருந்து வைத்தால் புழு செத்துவிடும் என்கிறார்கள். வைக்கலாமா? தேறினால் ஆட்டுப் பட்டிக்குக் காவலாக வைத்துக்கொள்ளலாமா? தண்ணீர் வைக்கப் போனபோது என் மகன் கையில் அதன் பல் லேசாகக் கீறிவிட்டது.
- விவசாயி, போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பையன் கையில் பல் பட்டதைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கீறி இரண்டு நாள் ஆகியிருந்தாலும் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள். தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ஒரு துளி ரத்தம் வந்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டியிருக்கும். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். ஊசி ஒரு பக்கம் போகட்டும், நாயைக் கவனிப்பதும் நடக்கட்டும். அந்தப் பத்து நாளில் குரல் மாறினாலோ, தாடை தொங்கி எச்சில் வடிந்தாலோ, கண்டதைக் கடித்தாலோ கிட்டே போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

குருணை விஷயத்துக்கு வருகிறேன். வைக்கவே வைக்காதீர்கள். அதில் இருக்கும் கார்போபியூரான் என்ற பயிர்ப் பூச்சிக்கொல்லி, புழுவின் நரம்பைத் தாக்குகிற மாதிரியே நாயின் நரம்பையும் தாக்கும். திறந்த புண்ணில் வைத்தால் நேரே ரத்தத்தில் ஏறும். நான் பணியில் இருந்தபோது பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு நாயைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார்கள். காதுப் புண்ணில் ஒரு சிட்டிகைதான் வைத்தோம் என்றார்கள். வாயில் நுரை, கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது, தொடைச் சதை தோலுக்கு அடியில் துடித்துக்கொண்டே இருந்தது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபின் போட்டும் பிழைக்கவில்லை. காதைத் திருப்பிப் பார்த்தேன், புழுவெல்லாம் செத்துத்தான் கிடந்தன. டீசல், மண்ணெண்ணெய், அந்துருண்டைத் தூள் எதையும் வைக்க வேண்டாம்.

இந்தப் புழு தலையைச் சதைக்குள் நுழைத்துக்கொண்டு வால் முனைத் துளைகளால் மூச்சு விடும். எண்ணெயால் மூடினால் மூச்சு முட்டி மேலே வரும். அதனால் மருத்துவரிடம் போகும்வரை தேங்காய் எண்ணெயில் தோய்த்த பஞ்சைப் புண்ணின் வாயில் வைத்தால் போதும். எட்டிப் பார்ப்பதை இடுக்கியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தரையில் விட்டால் மண்ணுக்குள் கூடு கட்டி, ஈயாகி, உங்கள் ஆட்டின் புண்ணிலேயே வந்து உட்காரும்.

கயிற்றை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். அதன்மேல் புதுச் சதை மூடியிருக்கும். கழுத்தின் இரு பக்கமும் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணுக்கோ பேசுங்கள். அங்கே முடியாது என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். தூக்கும்போது தலைமேல் தடித்த கம்பளியைப் போட்டு உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். வலியில் இருக்கிற நாய் சோறு போட்ட கையையும் கடிக்கும், பையனைக் கிட்டே விடாதீர்கள். நம் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் ஈரலும் சிறுநீரகமும் குடலும் அதற்குத் தாங்காது.

கயிறு வந்த பிறகு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு (ஒன்றரை டீஸ்பூன் அளவு) கலந்து தினமும் கழுவுங்கள். பிறகு பால் விடாத இளந்தேநீர் நிறத்துக்கு நீர்த்த பெட்டாடைன். ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரித்துவிடும் என்பதால், புண் வாய் மூடும்வரை காலையும் மாலையும் பார்த்தே ஆக வேண்டும். கழுத்துப் புண்ணை நாய் நக்க முடியாது, பின்னங்காலால் பிராண்டும். பழைய காலுறையைப் பின்னங்கால்களில் மாட்டி, இறுக்காமல் துணி சுற்றிவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் நல்ல மனசுக்காரர்கள் தவறு செய்வார்கள். பாவம் பட்டினி கிடந்தது என்று களி உருண்டையைத் தட்டு நிறைய வைத்துவிடுவார்கள். பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று இறங்கினால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்லுக்குள் இழுக்கப்பட்டு இதயமே தடுமாறும். பன்னிரண்டு கிலோ நாய்க்கு முதல் நாள் முழுவதற்கும் இரண்டு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி குழைந்த சோறு போதும். அதையும் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி முழு அளவுக்கு வரலாம். களியை அதற்கப்புறம் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

விட்டுப் போனவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நைலான் கயிறே அதைவிட விலை அதிகம்.

ஆட்டுப் பட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடனே இல்லை. நாய் வயிற்று நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, ஆடு தின்றால் மூளையில் கொப்புளம் கட்டும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே நாய் நன்றாகத் தின்னத் தொடங்கியதும் பிராசிகுவான்டெல் கலந்த குடற்புழு மாத்திரை, பத்துக் கிலோ எடைக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெறிநோய்த் தடுப்பூசியைக் கவனிக்கும் பத்து நாள் முடிந்து போடுங்கள். கிடா வெட்டினால் தலையையும் குடலையும் பச்சையாக வீசாதீர்கள். காவலுக்குக் கட்ட நேர்ந்தால் கழுத்தில் எதுவும் மாட்டாமல் நெஞ்சுப் பட்டை வாங்குங்கள். மாத்திரை கொடுத்த இரண்டு மூன்று நாள் நாயின் மலத்தை அள்ளி, ஆடு மேயாத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.