உளவு படிக்கிற வேலை

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் கேரளத்தில், பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடம். உளவுத்துறைகளையும் தேசப் பாதுகாப்பையும் ஆராய்வதையே தொழிலாக வைத்திருக்கும் பேராசிரியர்கள் உண்டு என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். அதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. வீட்டில் சொன்னால் மாமா, "சிஐடி வேலைக்கா போகப் போறே?" என்று சிரிக்கிறார். அம்மா அரசு வேலைத் தேர்வுக்கான பிஎஸ்சி (PSC) கோச்சிங்கில் சேரச் சொல்கிறார். எனக்கே ஒரு சந்தேகம். எல்லாமே ரகசியமாக இருக்கும் ஒரு துறையை, உள்ளே வேலை பார்க்காத ஒருவர் எப்படிப் படிக்க முடியும்? அப்புறம், இதில் சோறு கிடைக்குமா?

எம்.,
சித்தூர் தாலுகா

அன்புள்ள எம்.,

மாமா கேட்டதில் தப்பில்லை. உளவு என்றாலே நமக்கு மஃப்டி போலீஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அவருக்குப் பதில் சொல்ல என் அப்பாவின் டீக்கடைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாடு-கேரள எல்லையில், வேலந்தாவளத்தில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கடை. 2017இல் ஜிஎஸ்டி வந்து விற்பனைவரிச் சாவடிகளை எடுத்தார்களே, அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு. லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள். இன்று ராத்திரி காய்கறி லோடுக்கு அடியில் ஸ்பிரிட் போகிறது, நாளைக்கு ஸ்குவாட் வருகிறது, அந்த வண்டிக்கு நம்பர் போலி. ஒரு நாளைக்கு இருபது சேதி வந்தால் பத்தொன்பது புளுகு. என்றைக்காவது ஒரு வண்டி பிடிபட்டுப் பேப்பரில் வந்துவிட்டால் கடையில் இருக்கும் அத்தனை பேரும், "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்பார்கள். சொன்னார்கள்தான். கூடவே மற்ற பத்தொன்பதையும் சொன்னார்கள்.

ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1962இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1941 டிசம்பரில் ஜப்பான் அங்கே குண்டு போட்டதற்கு முன்பே அமெரிக்காவிடம் ஏராளமான தடயங்கள் இருந்தன. தடயங்களைவிட அதிகமாக இரைச்சலும் இருந்தது. எது தடயம், எது இரைச்சல் என்று குண்டு விழுந்த பிறகு யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம் என்பது அவர் வாதம். எங்கள் கடை பெஞ்சில் நான் பார்த்ததும் அதுதான். வோல்ஸ்டெட்டர் உளவாளி இல்லை. தாக்குதல் பற்றி அமெரிக்க நாடாளுமன்றம் நடத்திய விசாரணை 39 தொகுதிகளாக அச்சில் வந்திருந்தது. உட்கார்ந்து படித்தார். எப்படிப் படிக்க முடியும் என்று கேட்டீர்களே, பெரும்பாலும் இப்படித்தான்.

சேதி கொண்டுவருவது ஒற்றரின் வேலை. மேசையில் கிடந்த சேதி ஏன் நம்பப்படவில்லை, அல்லது ஏன் அவ்வளவு சுலபமாக நம்பப்பட்டது என்று கேட்பது அரசியல் அறிஞரின் வேலை. இந்தத் துறையில் நான் ஆசையோடு படித்த எல்லாமே சேதியைக் கேட்பவனின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியவைதான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஜெர்விஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் இறந்தார். நாடுகள் ஒன்றையொன்று எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கின்றன என்று 1976இல் எழுதிப் பெயர் வாங்கியவர். 1979இல் ஈரான் மன்னர் ஷா கவிழ்ந்த சமயத்தில், நமக்கு ஏன் இது முன்பே தெரியவில்லை என்று ஆராயும் பொறுப்பை அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அவரிடம் கொடுத்தது. அவர் கண்டது இது. நிலைமை கைமீறினால் ஷா ராணுவத்தை இறக்கி நசுக்கிவிடுவார் என்று சிஐஏ ஆய்வாளர்கள் நம்பினார்கள். அவர் நசுக்கவில்லை. ஆகவே நிலைமை கைமீறவில்லை என்று முடிவு கட்டினார்கள்! அந்த நம்பிக்கை தப்பென்று தெரியவரும் நாளில் ஷா விமானம் ஏறியிருப்பார். ஆய்வாளர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுடைய தர்க்கத்துக்குள் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முப்பது வருடம் கழித்து, 2010இல், அந்த ஆய்வையும் இராக் பற்றிய இன்னொன்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போட்டார். முப்பது வருடம்! இந்தத் தொழிலுக்கு வேண்டிய பொறுமையின் அளவு அது.

இராக் என்றதும் ஒன்று. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் ஒத்த சேதி சொன்னால் நம்பலாம் என்கிறது குறள். இராக்கிடம் லாரியில் ஓடும் கிருமி ஆயுதக் கூடங்கள் உண்டு என்று 2003 பிப்ரவரியில் அமெரிக்கா ஐ.நா. சபையில் சொன்னதற்குப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் ஆதாரம். ஜெர்மனிக்குத் தப்பிப்போன ஓர் இராக்கியர். விசாரித்ததும் ஜெர்மானியர்கள்தான், அமெரிக்கர்கள் இல்லை. தான் சொன்னது பொய் என்று 2011இல் அவரே ஒப்புக்கொண்டார்.

உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று வாழ்ந்தவர்களும் உண்டு. லாக் ஜான்சன் அரசியல் அறிவியல் பேராசிரியர். சிஐஏயின் அத்துமீறல்களை விசாரிக்க அமெரிக்க செனட் 1975இல் ஒரு குழு போட்டது. அதன் தலைவர் ஃபிராங்க் சர்ச்சுக்கு உதவியாளராகப் போனார். பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பாடம் நடத்தினார், இந்தத் துறையின் முக்கியமான ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அங்கே நாடாளுமன்றம் கதவைத் திறந்தது, பேராசிரியர் உள்ளே போனார்.

நம் ஊரில் கதவு வேறு மாதிரி. உள்நாட்டு உளவு பார்க்கும் ஐபி 1887இல் தொடங்கியது, வெளிநாட்டு உளவு பார்க்கும் ரா 1968இல். இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இன்றுவரை கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஊழல், மனித உரிமை மீறல் புகார்களைத் தவிர மற்றதில் அவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. 1962 சீனப் போர்த் தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் 2014இல் அதில் ஒரு பகுதியை வெளியிட்டார், நாம் படித்தோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் 1999 கார்கில் போர் விஷயத்தில் ஒரு நல்லது நடந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், புத்தகமாகவே கிடைக்கிறது. தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். அரசியல் அறிவியல் இல்லை, வேதியியல் படித்து ஐஏஎஸ் ஆனவர்! அதில் ஓர் இடம். எல்லைக்கு அப்பால் நடமாட்டம் கூடியிருக்கிறது என்று 1998 ஜூனில் ஐபி தலைவர் ஒரு குறிப்பு எழுதுகிறார். அது பிரதமருக்கும் உள்துறை அமைச்சருக்கும் போகிறது. ரா தலைவருக்கும், கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும், ராணுவ உளவுப் பிரிவுத் தலைவருக்கும் போகவில்லை. மற்ற தகவல்களோடு அதைக் கோத்துப் பார்த்திருக்க வேண்டியவர்கள் இந்த மூன்று பேர்தான்.

சரி, சோறு. உளவு மட்டும் படித்துப் பேராசிரியர் ஆன ஒருவரை நம் பக்கம் நீங்கள் பார்ப்பது அபூர்வம். பாதுகாப்பும் போர்த்திறனும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே இருக்கிறது, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் அது தனிப் பாடம். டெல்லியில் 1965இல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இன்னொரு வழி, ஐபியில் உளவு அதிகாரியாகச் சேர்வதற்கான ஏசிஐஓ தேர்வு. ஏதாவது ஒரு டிகிரி போதும், மாமா சொன்ன வேலையும் ஏறக்குறைய அதுதான். ஒற்றப்பாலத்து எம்.கே. நாராயணன் ஐபி தலைவராகி, பிறகு தேசப் பாதுகாப்பு ஆலோசகராகவும் ஆனவர், ஆகவே நம் ஜில்லாவுக்கு அது புதிதில்லை. ஆனால் உள்ளே போனால் எழுத்தை மறந்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் துறை சம்பந்தமாக எழுத முன் அனுமதி வேண்டும் என்று 2021இல் ஓய்வூதிய விதியையே திருத்திவிட்டார்கள். எந்தக் கதவு என்று இருபத்தைந்து வயதுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்களிடம் தமிழ் இருக்கிறது, மலையாளம் இருக்கிறது. தமிழ் மீடியம் என்று தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ராஜீவ் காந்தி கொலை பற்றி வர்மா கமிஷன், ஜெயின் கமிஷன் என்று இரண்டு விசாரணை அறிக்கைகள் இருக்கின்றன. வர்மா கமிஷன் பார்த்தது பாதுகாப்புக் குறைபாட்டை, ஜெயின் கமிஷன் பார்த்தது சதியை. யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அது யாரிடம் போய் நின்றது என்று இந்த இரண்டையும், அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளையும், ஈழத்துப் போராளிகள் தமிழில் எழுதிய நினைவுக்குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். டெல்லியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவரால் ஆகாது.

பிஎஸ்சி கோச்சிங்கில் சேர்ந்துவிடுங்கள், அம்மா சொல்வது சரி. சனி ஞாயிறுகளில் கார்கில் அறிக்கை. பாதுகாப்புக் காரணத்துக்காக நீக்கியது என்று போட்டிருக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.