மூலநிரலைத் திறந்துவிட்டு எதை விற்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து எழுதுகிறேன். நானும் இரு நண்பர்களும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளுக்காகத் தமிழில் ஒரு மென்பொருளை உருவாக்கி, அதன் மூலநிரலையும் (அதை உருவாக்க எழுதிய நிரல் வரிகளை) எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திறந்து வெளியிட்டிருக்கிறோம். ஆறு சங்கங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஒரு சங்கம் மட்டுமே பணம் தந்தது. இனியாவது மூலநிரலை மூடச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். திறந்த மூல மென்பொருளை நம்பி இங்கே தொழில் நடத்த முடியுமா?

அன்புள்ள தம்பி,

மூலநிரலை மூடுவதா என்ற கேள்வியைவிட, ஆறில் ஒரு சங்கமே பணம் தந்தது என்ற வரிதான் என்னை உறுத்தியது. மற்ற ஐந்து சங்கங்களிலும் வட்டிக் கணக்குப் பிழைத்தால், உங்களில் ஒருவர்தான் சொந்தச் செலவில் பெற்றோல் அடித்துக்கொண்டு போய்த் திருத்திக் கொடுப்பார் என்று நினைக்கிறேன். மூலநிரலை மூடினாலும் அந்த ஓட்டம் நிற்காது.

றெட்ஹற் என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற, திறந்த மூலமான லினக்ஸ் இயங்குதளத்தை, அந்நிறுவனத்தின் வணிகச் சின்னங்களை மட்டும் நீக்கி, 2004 முதல் சென்ட்ஓஎஸ் என்ற பெயரில் எவரும் பணமின்றிப் பெற முடிந்தது. அப்படியிருந்தும் பெரிய நிறுவனங்கள் றெட்ஹற்றுக்கே ஆண்டுச் சந்தா கட்டின. 2019இல் ஐபிஎம் அதை 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. பாதுகாப்புத் திருத்தங்கள் ஆண்டுக்கணக்கில் தவறாது வரும், நள்ளிரவில் சேர்வர் விழுந்தாலும் பதில் சொல்ல ஆள் இருக்கும் என்ற உறுதிக்கே அவர்கள் பணம் கட்டினார்கள். நம் நாட்டிலேயே 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் தன் மென்பொருள்களை, எவரும் மாற்றவும் பயன்படுத்தவும் விடும் அப்பாச்சி உரிமத்தில் திறந்து வைத்து, ஆதரவுச் சந்தாவில் வளர்ந்ததுதான்.

நானும் ஒருமுறை இதில் அடிபட்டவன். ஒரு சனசமூக நிலையத்துக்கு நூற்பட்டியல் மென்பொருளை நிறுவிக் கொடுத்தபோது, பராமரிப்பைப் பற்றி எழுத்தில் ஒன்றும் வைக்கவில்லை. தலைவர் என் பழைய ஆசிரியர் என்பதால் பின்னர் கேட்கவும் கூச்சமாயிருந்தது. நான்கு ஆண்டுகள் ஓடித்திரிந்தேன். ஆகவே காப்புநகல் எடுத்தல், கணக்காய்வுக்கான அறிக்கைகள், வட்டி வீத மாற்றங்கள், புதிய இலிகிதருக்குப் பயிற்சி என்று செய்யும் வேலைகளைப் பெயர்சொல்லி எழுதி, ஆண்டுக் கட்டணத்தைக் குறித்து, பொதுக்கூட்டத்துக்கு முன்பே சங்கத்திடம் கொடுத்துவிடுங்கள். பாதீட்டில் ஏறாத செலவுக்கு எந்த முகாமையாளரும் காசோலை எழுதமாட்டார். உங்கள் மூவரில் இருவர் நாளை கனடாவுக்குப் போய்விட்டால் என்னாகும் என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள் (நம்மூரில் கேட்காமல் விடுவார்களா?). மூலநிரல் திறந்திருப்பதால் வேறொருவரை வைத்தும் வேலையைத் தொடரலாம் என்று நீங்கள் துணிந்து சொல்லலாம். மூடிய மென்பொருளை விற்பவரால் அப்படிச் சொல்ல முடியாது.

திறந்ததைப் பிறகு மூடியவர்கள் பட்ட பாடும் கண்முன்னே இருக்கிறது. இணையவழியே கணினி வசதியை வாடகைக்கு விடும் மேகக்கணினி நிறுவனங்கள் எங்கள் உழைப்பில் இலாபம் பார்க்கின்றன என்று, தேடல் மென்பொருள் செய்யும் இலாஸ்ரிக் 2021இலும் தரவுத்தள மென்பொருள் செய்யும் ரெடிஸ் 2024இலும் உரிமத்தை இறுக்கின. உடனே பழைய பதிப்பிலிருந்து ஓப்பன்சேர்ச், வால்கீ என்று பிறர் தனியே வளர்க்கும் கிளைகள் முளைத்தன. கடைசியில் இரண்டு நிறுவனங்களும், மாற்றிய மென்பொருளை இணையச் சேவையாக நடத்துவோரும் தம் மாற்றங்களைத் திறந்து வைக்கவேண்டும் என்று விதிக்கும் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டன. உங்கள் அடுத்த பதிப்புக்கும் அந்த உரிமமே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் உங்களுக்கு நிரல் எழுதி உதவிய பிறர் இருந்தால், அவர்களின் சம்மதத்தை முதலில் எழுத்தில் பெறுங்கள். ஏற்கெனவே வெளியான பதிப்பை அதன் பழைய உரிமத்திலிருந்து திரும்பப் பெறவும் முடியாது. அது எந்த உரிமம் என்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. அதை எழுதினால், பராமரிப்பு ஒப்பந்தத்தின் மாதிரியொன்றை அதற்கேற்பத் திருத்தி அனுப்புகிறேன்.