பூட்டிக் கிடக்கும் வளவுகள்

அன்புள்ள ஐயா,

கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிக் கணக்காளராக வேலை செய்கிறேன். சம்பளம் 120,000 ரூபாய். அறைக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் 40,000 போகிறது. யாழ்ப்பாணத்தில் 80,000 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதியது என்றாலும் இப்போதைக்கு அங்கேயே இருக்கலாம். நல்ல காற்று, நல்ல தண்ணீர். வரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கணக்கு ஒரு ரூபாயும் பிசகாமல் சமப்படுவதைப் பார்த்துச் சிரித்தேன். வாழ்வதற்கு இதமான ஊரென்றால் மக்கள் குறைந்த சம்பளத்தையும் கூடிய வாடகையையும் பொறுத்துக்கொள்வார்கள் என்று பொருளியலாளர் ஜெனிபர் ரோபாக் 1982இல் விளக்கினார். தண்ணீரைப் பற்றி, கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த சுன்னாகத்து ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதற்குள் போகவில்லை.

என்னைக் கோபப்படுத்தியது 'இப்போதைக்கு' என்ற சொல். கணக்குப் படித்த பிள்ளை வாடகையைக் கழித்துவிட்டுக் காணியை மறக்கலாமா? ரோபாக்கின் கணக்கில் நிலத்துக்கு விலை கேட்பவர் அந்த ஊரிலேயே உழைத்து அங்கேயே குடியிருப்பவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு பரப்புக் காணி விலைக்கு வந்தாலோ, உங்களோடு போட்டிக்கு நிற்பவர் கனடாவின் ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்பவர். அவர் இங்கே குடியிருக்கப் போவதில்லை. ஆகவே வாடகை உங்கள் சம்பளத்தைப் பார்த்து நிற்க, காணி விலை அவருடைய சம்பளத்தைப் பார்த்து ஏறுகிறது.

வெளியூர்ப் பணம் நமக்குப் புதிதல்ல. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த என் தகப்பனார் மாதந்தோறும் அனுப்பிய மணியோடரில் மிச்சம் பிடித்து, அம்மா சீட்டுக் கட்டிக் கொக்குவிலில் நான்கு பரப்பு வாங்கினார். ஆனால் ஐயா ஓய்வு பெற்ற கையோடு தகரப் பெட்டியுடன் வந்திறங்கி, அந்த வளவில் கிணறு வெட்டி, வாழை வைத்து, அங்கேயே கண்மூடினார்.

இன்று அதற்குப் பக்கத்து வளவில் மாபிள் பதித்த மாடிவீடு ஒன்று நிற்கிறது. கேற்றுச் சங்கிலி துருப்பிடித்துவிட்டது. மாதம் ஒருமுறை ஓர் அம்மா வந்து வேப்பஞ்சருகைக் கூட்டி, கூட்டிய முற்றத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போவார். உங்களைப் போல ஊர் திரும்பிய ஓர் இளம் தம்பதிக்காக அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டுப் பார்த்தேன். "குடிவைத்தால் எழுப்ப ஏலாது அண்ணை, சும்மா கிடக்கட்டும்" என்றார் உரிமையாளர்.

வாருங்கள் தம்பி, உங்கள் அம்மா சந்தோஷப்படுவா. அதற்கு முன் அக்காவிடமும் அத்தானிடமும் வாய்விட்டுக் கேளுங்கள்: 'இப்போதைக்கு' என்பது எத்தனை வருடம்?