ஹங்கேரியின் ஹொர்டோபாஜ் புல்வெளிக்கு புடாபெஸ்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா? பக்கத்தில் வெந்நீர்க் குளியலும் உண்டு என்கிறார்களே, இரண்டும் பார்க்கத் தகுந்தவையா?

முடியும். ஆனால் அப்படிப் போகாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். காலையில் வேனில் ஏற்றினார்கள். ஒரு குதிரை வித்தை, ஒரு தட்டு குலாஷ் என்ற கறிக்குழம்பு, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இன்றைக்கு யோசித்தால் அந்த வேனின் ஏசி மட்டும்தான் நினைவிருக்கிறது. அடுத்த முறை, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவோடு இரண்டு இரவு தங்கினேன். கீழே இருப்பது அந்தப் பயணத்தில் பார்த்தது.

ஹொர்டோபாஜ், நாட்டின் கிழக்கே டெப்ரெட்சென் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். இந்த மாதிரி வெட்டவெளிக்கு அங்கே புஸ்தா என்று பெயர். வெறுமை, பாழ் என்று பொருள். அதற்கேற்ற இடம்தான்: மேடு பள்ளம் இல்லை, மரம் அபூர்வம். மண் களர். உழவுக்கு ஆகாத மண் என்பதால்தான் மேய்ச்சல் இன்றுவரை பிழைத்திருக்கிறது. 1973இல் ஹங்கேரியின் முதல் தேசியப் பூங்காவானது, 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இதே வெளியில்தான் 1950 முதல் 1953 வரை ஆயிரக்கணக்கானவர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து கட்டாய வேலை முகாம்களில் வைத்திருந்தார்கள். வேனில் வந்த வழிகாட்டி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்பாவுக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். கொறங்காட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவர். வண்டியை விட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏங்கண்ணு, வேலியே காணோம்?" எங்கள் பக்கம் மேய்ச்சல் காடு என்றால் நாலு பக்கமும் கிளுவை வேலி இருக்கும். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை வேலி கிடையாது. அதனால் ஆள் கூடவே நிற்க வேண்டும். மேய்ப்பவர் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட மாட்டார்கள். குதிரை மேய்த்தால் சிக்கோஷ், மாடு மேய்த்தால் குயாஷ், ஆடு என்றால் யூஹாஸ், பன்றி என்றால் கொண்டாஷ். நாம் குலாஷ் என்று சொல்லும் உணவின் பெயர் அந்த மாட்டுக்காரரின் பெயர்தான்.

சாம்பல் நிற மாடுகளைப் பார்த்ததும் அப்பா அதற்கு மேல் நகரவில்லை. நீண்டு விரிந்த கொம்பு, வெள்ளி கலந்த சாம்பல் உடம்பு. மந்தைக்கு நடுவே செவலையாக இரண்டு கன்று. வேறு இனமோ என்று நான் யோசிக்கும்போதே, "பொறக்கறப்ப செவலையாத்தான் இருக்கும், அப்புறம் நெறம் மாறும். நம்ம மாடும் அப்படித்தானே" என்றார். தங்கும் விடுதிக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். சரிதான்: இரண்டு இனத்திலும் கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பலாகிறது. இந்த ஹங்கேரிய மாடுகளைத்தான் பல நூற்றாண்டுகள் நியூரம்பர்க், வெனிஸ் சந்தைகள் வரை கால்நடையாகவே ஓட்டிப் போய் விற்றிருக்கிறார்கள். டிராக்டர் வந்த பிறகு இனமே அழியும் நிலைக்குப் போய், கடைசி நேரத்தில் காப்பாற்றப்பட்டது. ரட்ஸ்கா என்றொரு செம்மறி இனமும் உண்டு. கிடாய், பெட்டை இரண்டுக்கும் கொம்பு திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போகும்.

புல்வெளி நடுவே ஒரு கிணறு. ஒரு கவைக்கம்பத்தின் மேல் நீளமான மரம், அதன் ஒரு முனையில் கழியும் வாளியும். பார்த்த உடனே யாருக்கும் தெரியும், ஏற்றம்தான். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நம்ம ஏத்தத்துல மேல ஆள் ஏறி நடப்பான். இவன் பின்னால கனத்தைக் கட்டிட்டு ஒத்தை ஆளா எறைச்சுக்கறான் பாரு." வாளியை அவரே ஒரு தடவை இறக்கி ஏற்றினார். பக்கத்தில் ஒரு நீளமான மரத்தொட்டி, மாடு வரிசையாக நின்று குடிக்க. நான் முதல் தடவை வந்தபோதும் இதே கிணறு இங்கேதான் இருந்திருக்கும். வேன் நிற்கவில்லை.

குதிரை வித்தையைப் பற்றி. மாட்டா என்ற இடத்தில் இருக்கும் பண்ணையில் வண்டி கட்டி அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். தாராளமாகப் பாருங்கள், ஆனால் கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு பாருங்கள். முன்னால் மூன்று குதிரை, பின்னால் இரண்டு. பின்னால் ஓடும் இரண்டின் முதுகில் குதிரைக்கு ஒரு காலாக வைத்து ஒருவர் நின்றபடியே ஓட்டுவார். எல்லோரும் கைதட்டுவது இதற்குத்தான். ஆனால் இது மேய்ப்பர்கள் வழக்கமல்ல. லூட்விக் கோஹ் என்ற ஆஸ்திரிய ஓவியர் கற்பனையில் வரைந்த படம். பின்னால் வந்த குதிரைக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்துகாட்டினார்கள். நிஜமான வித்தை சத்தமில்லாமல் இருக்கிறது: சேணத்துக்கு வயிற்றுப்பட்டை கிடையாது. சும்மா முதுகில் எடுத்து வைத்ததுதான். நிதானம் தவறினால் சேணத்தோடு கீழே விழ வேண்டியதுதான்.

ஊருக்குள் ஒன்பது வளைவுக் கல்பாலம் இருக்கிறது, 1827இல் தொடங்கி 1833இல் முடித்தது, 167 மீட்டர். எதிரே பழைய சத்திரம், பக்கத்தில் மேய்ப்பர் அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஊர் பெயரிலேயே ஹொர்டோபாஜ் பலசிந்தா என்று மெனுவில் இருக்கும். படத்தில் மசால் தோசை மாதிரி தெரியும். உள்ளே கறி.

இப்போது வெந்நீர். தங்குவதற்கு ஹாய்டூசொபொஸ்லோவையே தேர்ந்தெடுங்கள். புடாபெஸ்ட்டிலிருந்து டெப்ரெட்சென் போகும் ரயில் பாதையில், டெப்ரெட்சென்னுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். 1925இல் பாவை வய்னா ஃபெரென்ட்ஸ் என்ற நிலவியலாளர் இங்கே எரிவாயுவும் எண்ணெயும் தேடித் துளை போட்டார். ஆயிரம் மீட்டரைத் தாண்டிய ஆழத்திலிருந்து 73 டிகிரி சூட்டில் தண்ணீர் பீறிட்டது. எண்ணெய் தேடியவருக்கு ஏமாற்றம், மூட்டுவலிக்காரர்களுக்கு யோகம். இறங்கும் தொட்டிகளில் சூட்டைக் குறைத்துத்தான் விடுகிறார்கள். தண்ணீர் பழுப்பு நிறம், லேசாகச் சீமெண்ணெய் வாடை. "சுக்குக் காப்பியில உக்கார வெச்சிட்டியே" என்றார் அப்பா. சுற்றிலும் அவர் வயதுக்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுகமாக இருக்கிறதே என்று அவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட, எழுந்தபோது தலைசுற்றல். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் போகும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி போனதா என்றால், அன்று ராத்திரி தைலம் கேட்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். வெளியே லாங்கோஷ் விற்பார்கள். எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டி, மேலே புளித்த கிரீம், சீஸ். அது சைவம், அப்பா இரண்டு சாப்பிட்டார்.

எப்போது போகலாம்? உச்சிக் கோடையில் கானல் நீர் பார்க்கலாம், ஆனால் நிழல் கிடையாது. நான் அக்டோபர் என்பேன். வலசை போகும் பெருங்கொக்குகள் அப்போது லட்சத்துக்கும் மேல் இங்கே இறங்குகின்றன. நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இல்லை, இடுப்பளவுக்கு மேல் உயரமான சாம்பல் பறவை.

நாங்கள் பார்த்தது தற்செயல். கிணற்றடியில் நேரம் போனது தெரியாமல், ஹொர்டோபாஜ் நிலையத்துக்கு ஓடி வந்தபோது டெப்ரெட்சென் ரயில் போயிருந்தது. நான் கைப்பேசியில் அடுத்த ரயிலைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் வரிசை வரிசையாக, தலைக்கு மேல், இருட்டும் வரை நிற்கவே இல்லை. அதனால் கடைசி ரயிலின் நேரத்தை மட்டும் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ரயில் போனால் போகட்டும்.