எந்தத் தொடரைப் பார்ப்பது? வாசகர் கேள்வி பதில்

தொடர் நாடகங்கள் பற்றி உங்களிடம் உள்ள கேள்விகளை அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரைக்கு நானும் இவரும் ரீவிக்கு முன்னால் வந்து இருந்தால், எதைப் பார்ப்பது என்று தேடித் தேடியே ஒன்பதரை ஆகிவிடுகிறது. கடைசியில் ஒன்றும் பார்க்காமல் நித்திரைக்குப் போகிறோம். நெட்பிளிக்ஸ் இருக்கிறது, அமேசான் பிரைமும் இருக்கிறது. எப்படித்தான் தெரிவு செய்வது?
வாசகி, கோண்டாவில்

பதில்: ரீவியைப் போட்ட பிறகு தேடத் தொடங்காதீர்கள். பகலில், குசினியில் நிற்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ, இன்றைக்கு இதுதான் என்று முடிவெடுத்துவிட்டு இரவில் நேரே அதைப் போடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எங்கள் வீட்டில் இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஒரு தொடரையாவது முழுதாகப் பார்த்து முடித்தோம்.

தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்த வருடங்கள் உங்களுக்கும் நினைவிருக்கலாம். ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாம் காசு சேர்த்து ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்போம். எண்ணெய் தட்டுப்பாடு என்பதால் ஓர் இரவுக்கு மூன்று படத்துக்கு மேல் ஓடாது, அதனால் எந்த மூன்று என்ற பேச்சு இரண்டு நாளைக்கு முன்பே தொடங்கிவிடும். வயதானவர்களுக்கு ஒரு பக்திப் படம் முதலில், அவர்கள் படுக்கப் போன பிறகு பெடியளுக்கு ஒரு சண்டைப் படம், இப்படி ஆர் ஆர் இருக்கப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் படம் தெரிவாகும். அந்த ஒழுங்கைப் பேச்சு இன்றைக்கு இல்லை. அந்த இடத்தில் இப்போது இருப்பது ஒவ்வொரு தொடருக்கும் திரையில் தெரியும் முகப்புப் படங்கள் மட்டும்தான். அந்தப் படங்களும் ஆளுக்கு ஆள் மாறும் என்பது தெரியுமோ? ஒரே தொடருக்கு உங்கள் கணக்கில் காதலர் முகத்தையும் மகனுடைய கணக்கில் துப்பாக்கியையும் நெட்பிளிக்ஸ் காட்டும், நீங்கள் முன்பு எவற்றைத் தொட்டீர்கள் என்பதை வைத்து அது மாற்றிக்கொள்கிறது. ஆகவே அந்தப் படத்தை நம்பி ஒன்றையும் தொடங்க வேண்டாம். முதல் பத்து என்று வருகிற வரிசையும் அதிகம் பேர் எதைப் போட்டார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். போட்டவர்கள் எல்லாருக்கும் அது பிடித்ததா என்பது அதில் இல்லை.

நான் பார்ப்பது வேறு விஷயங்கள். எத்தனை எபிசோட், கதை முடிந்துவிட்டதா, ஆரோடு இருந்து பார்க்கப் போகிறேன். முடிந்ததா என்று பார்ப்பது முக்கியம். 'டார்க்' என்ற ஜெர்மன் தொடர் 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோட், போட்ட முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் முடிந்தது. அதே ஆட்கள் அதற்குப் பிறகு எடுத்த '1899' எட்டு எபிசோடோடு நின்றுபோனது, 2023 தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். எட்டு மணித்தியாலம் கப்பலில் ஏற்றி நடுக்கடலில் விட்டதுபோல் இருந்தது எனக்கு.

உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்வது 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' என்ற கொரியத் தொடர். 2025 மார்ச்சில் வாரத்துக்கு நான்காக வந்து 16 எபிசோடில் முடிந்தது. ஜெஜு தீவில் ஐம்பதுகளில் பிறந்து, கவிதை எழுத வேண்டும் என்ற ஆசையோடு வளரும் ஒரு பெண், அவளையே சின்ன வயது முதல் பார்த்துக்கொண்டிருக்கும், அதிகம் கதைக்காத ஒரு பெடியன், பிறகு அவர்களுடைய பிள்ளைகள் என்று வாழ்நாள் முழுவதும் போகிறது கதை. அந்தப் பெண்ணின் தாய் மூச்சடக்கிக் கடலடியில் சங்கும் சிப்பியும் எடுக்கும் பெண்களில் ஒருத்தி. சங்கு குளிக்கிறவர்களையும் கடலட்டை பிடிக்கிறவர்களையும் பக்கத்தில் கண்டு வளர்ந்த எங்களுக்கு அந்தத் தாய் எவ்வளவு மூச்சைக் கொடுத்துக் காசு உழைக்கிறாள் என்பதை ஆரும் விளக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் பார்க்காதீர்கள், அழுது களைத்துவிடுவீர்கள்.

கேள்வி: 'ஒரிஜினல்' என்று போட்டிருந்தால் அந்த நிறுவனமே எடுத்தது என்றுதானே அர்த்தம்?
வாசகர், சுன்னாகம்

பதில்: எப்போதும் அப்படி இல்லை. 'மணி ஹெய்ஸ்ட்' 2017இல் ஸ்பெயினின் அன்தெனா 3 தொலைக்காட்சியில் ஓடிய நாடகம். நெட்பிளிக்ஸ் பிறகு அதை வாங்கி, எபிசோட்களைச் சிறிதாக வெட்டி உலகம் முழுக்கக் காட்டியது. மூன்றாவது பகுதியிலிருந்துதான் அவர்களே காசு போட்டு எடுத்தார்கள். அதனால் அந்தச் சொல்லைத் தரத்துக்கான முத்திரையாக எடுக்க வேண்டாம், எழுதியவர் இயக்கியவர் பெயரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மம்மாவுக்கு 82 வயது. கீழே ஓடும் எழுத்தை வாசிக்கக் கண் தெரியாது, ரீவியில் வருகிற மெகா தொடர்களும் அலுத்துவிட்டது என்கிறா. அவவோடு இருந்து பார்க்கத் தமிழில் என்ன இருக்கிறது?
வாசகி, சாவகச்சேரி

பதில்: முதலில் அம்மம்மாவோடு இருந்து பார்க்க நினைக்கிறீர்களே, அதுவே எனக்குச் சந்தோசம், தங்கச்சி. ரீவியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனைப் பார்க்கிற வீடுகள்தான் இப்போது கூட.

பிரைமில் 'ஸ்வீட் காரம் காபி' இருக்கிறது, 2023இல் வந்தது, எட்டு எபிசோட். பாட்டி, மருமகள், பேத்தி மூன்று பேரும் வீட்டில் இருக்கிறவர்களை விட்டுவிட்டுப் பயணம் கிளம்புகிறார்கள். பாட்டியாக லட்சுமி. ஒரு வயதான மனிசிக்கும் ஆசைகள் இருக்கும் என்பதை அம்மம்மா ரீவியில் பார்ப்பது நல்லது, நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். அப்புறம் 'தலைவெட்டியான் பாளையம்', 2024. பட்டணத்துப் பெடியன் ஒருவன் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கக் கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலாளராக வருகிற கதை, 'பஞ்சாயத்' என்ற ஹிந்தித் தொடரைத் தமிழில் திரும்ப எடுத்தது. இயக்கியவர் 'மர்மதேசம்' எடுத்த நாகா. சண்டையும் இல்லை, கொலையும் இல்லை, சிரிப்பு இருக்கிறது.

ஆனால் அம்மம்மாவோடு ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் நான் 'அயலி'யைத்தான் சொல்வேன். ஜீ5இல் 2023 ஜனவரியில் வந்தது, முத்துக்குமார் இயக்கியது, இதுவும் எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் சின்னது. தொண்ணூறுகளில் புதுக்கோட்டைப் பக்கத்து ஒரு கிராமம். பெரியபிள்ளை ஆனால் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டிக் கலியாணம் கட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்த் தெய்வம் கோபிக்கும் என்பது அங்கே வழக்கம். தமிழ்ச்செல்வி என்ற பிள்ளை டாக்டராக வேண்டும் என்பதற்காகத் தான் பெரியபிள்ளை ஆனதையே மறைக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மம்மா தன்னுடைய பதின்மூன்று பதினான்கு வயதைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்குவா. தொடரை நிற்பாட்டிவிட்டு அதைக் கேளுங்கள். என்னுடைய மாமி அப்படிச் சொன்ன ஒரு கதை, ஐம்பது வருடம் ஒரே வளவில் இருந்தும் நாங்கள் ஒருத்தரும் அதுவரை கேட்டிராதது.

கேள்வி: மகனுக்குப் பதினான்கு வயது. 'அடோலசென்ஸ்' என்ற தொடரைப் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவனோடு சேர்ந்து பார்க்கலாமா? அவன் ரியூசனால் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கிறான், என்னோடு கதைப்பதே குறைவு.
ஒரு தாய், கொக்குவில்

பதில்: பாருங்கள் அம்மா, ஆனால் முதலில் நீங்கள் தனியாக, முடிந்தால் தகப்பனோடு சேர்ந்து பாருங்கள். நான்கே எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். 2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வந்தது. இங்கிலாந்தில் ஒரு சாதாரண வீடு, விடியப்புறம் பொலிஸ் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது, 13 வயது மகனைக் கொலைக் குற்றத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு எபிசோடையும் எங்கேயும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் கமராவில் பிடித்திருக்கிறார்கள், அதனால் எங்களாலும் முகத்தைத் திருப்ப முடியாது. அந்தப் பெடியனாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் நடிப்பு, 15 வயதில் எம்மி விருது வாங்கினான். பிரிட்டனில் இதை மேல்நிலைப் பள்ளிகளில் இலவசமாகப் போட்டுக் காட்டவும் ஏற்பாடு செய்தார்கள்.

ஆர் செய்தது என்பதை இந்தத் தொடர் கெதியாகவே சொல்லிவிடுகிறது. பிறகு நடப்பதுதான் கனமானது. இரண்டாவது எபிசோடில் பள்ளிக்கூடத்துக்கு வரும் பொலிஸ் அதிகாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அங்கே படிக்கிற அவருடைய சொந்த மகன் வந்துதான், இன்ஸ்டகிராமில் பிள்ளைகள் போடும் அந்தச் சின்னச் சின்னப் படங்களுக்கு என்ன அர்த்தம் என்று தகப்பனுக்கு விளங்கப்படுத்துகிறான். எனக்கு அந்த இடம் நெஞ்சுக்குள் நிற்கிறது. கொலைக்குக் காரணம் தேடி வந்த மனிசனுக்குத் தன் பிள்ளை என்ன மொழி கதைக்கிறான் என்பதே அதுவரை தெரியவில்லை.

நீங்கள் பார்த்த பிறகு மகனைக் கூப்பிடுங்கள். உனக்குப் பாடம் இருக்கிறது, வந்து பார் என்ற மாதிரிக் கூப்பிட்டால் வரமாட்டான், வந்தாலும் வாய் திறக்கமாட்டான். அந்த இரண்டாவது எபிசோடை வைத்துக்கொண்டு, தம்பி, இது எனக்கு விளங்கவில்லை, நீ சொல்லித் தா என்று கேளுங்கள், உண்மையாகவே உங்களுக்கு விளங்காமல்தான் இருக்கும். மூன்றாவது எபிசோடில் மனநல நிபுணரோடு அவன் இருக்கும் காட்சி சரியான கடுமை, அதை மகனுக்குப் போட்டுக் காட்டுவதா இல்லையா என்பதை உங்கள் பிள்ளையை அறிந்த நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். பார்த்து முடித்த உடனே கேள்வி கேட்காதீர்கள். அடுத்த நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அவனாக ஏதாவது சொல்லலாம்.

கேள்வி: 'சுழல்', 'வதந்தி' என்ற துப்பறியும் தொடர்கள் இரண்டில் எதை முதலில் பார்ப்பது?
பல்கலைக்கழக மாணவன், திருநெல்வேலி

பதில்: 'வதந்தி', தம்பி. கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஆள் ஆளுக்கு ஒரு கதை சொல்ல, ஒவ்வொரு கதையிலும் அவள் வேறு வேறு பெண்ணாகத் தெரிகிறாள், எஸ்.ஜே. சூர்யா அதற்குள் அலைகிறார். ஊர் வாய் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று அறிந்த எங்களுக்கு அது நன்றாக விளங்கும். 'சுழல்' முதல் சீசனும் நல்லது, மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னிய விதத்துக்காகவே பார்க்கலாம், ஆனால் சிறுவர் மீதான பாலியல் வன்முறை அதில் வருகிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது போட வேண்டாம்.

கேள்வி: 'த ஃபேமிலி மேன்' என்ற ஹிந்தி உளவுத் தொடரின் இரண்டாவது சீசனைப் பார்க்கச் சொல்லி வெளிநாட்டில் இருக்கும் மகன் சொல்கிறான். எங்கள் சனத்தைப் பிழையாகக் காட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பார்க்கலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: ஐயா, நான் ஒன்பது எபிசோடும் பார்த்தேன். 2021 ஜூனில் வந்தது, முன்னோட்டம் வந்தபோதே தமிழ்நாடு அரசு அதை நிறுத்தச் சொல்லி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. ஈழத்துப் போராளிப் பெண்ணாகச் சமந்தா மினக்கெட்டு நடித்திருக்கிறா, அந்தப் பாத்திரத்தின் வலி அவவின் கண்ணில் தெரிகிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் கதைக்கு எங்கள் சனம் தேவைப்படுவது எங்கிருந்தோ வரும் ஆபத்தாக மட்டும்தான். பாகிஸ்தான் உளவுத்துறையோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பேச்சும் அதில் சரியாக உட்காரவில்லை, நாங்கள் கதைக்கிற மாதிரி ஒருவர் கதைக்கத் தொடங்கி அடுத்த வசனத்தில் அது எங்கேயோ போய்விடுகிறது. மகன் சொல்கிறான் என்பதற்காக உங்களை வருத்திக்கொண்டு பார்க்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. பார்த்தால் இரண்டு பேரும் போனில் இருந்து மனம் விட்டுக் கதையுங்கள்.

இடம்பெயர்ந்த சனத்தின் கதைதான் வேண்டும் என்றால் மகனிடம் ஆப்பிள் டிவியில் 'பச்சிங்கோ'வைத் தேடித் தரச் சொல்லுங்கள். ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில் தொடங்கி 1989 ஒசாக்கா வரை ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை, 2022இலும் 2024இலும் எட்டு எட்டு எபிசோட். கொரிய மொழிக்கு மஞ்சளிலும் ஜப்பானிய மொழிக்கு நீலத்திலும் எழுத்து ஓடும். ஒருவர் எந்த இடத்தில் தன் மொழியை விட்டு மற்ற மொழிக்கு மாறுகிறார் என்பதை நிறமே காட்டிவிடும், கொழும்பில் பஸ் ஏறிய எங்களுக்கு அது தெரிந்த சங்கதி. மகள் கலியாணம் கட்டி ஜப்பானுக்குக் கப்பலேறப் போகிறாள், தாய் அலைந்து திரிந்து ஒரு பிடி வெள்ளை அரிசி வாங்கி வந்து அவளுக்குச் சோறாக்கிக் கொடுக்கிறா. நான் அந்த இடத்தில் நிற்பாட்டிவிட்டு முற்றத்தில் போய்ச் சற்று நேரம் நின்றேன். பிள்ளையைப் பிளேன் ஏற்றிவிட்ட ஆள் நீங்கள், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேள்வி: போனில்தான் பார்க்கிறேன், டேட்டா இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
வாசகி, நெடுந்தீவு

பதில்: நல்ல தெளிவில் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும். செயலியின் அமைப்புக்குள் போய் டேட்டாவைச் சேமிக்கும் தெரிவுக்கு மாற்றினால் ஒரு ஜிபிக்கும் குறைவு, போன் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. யாழ்ப்பாணம் வரும் நாளில் வைஃபை உள்ள சொந்தக்காரர் வீட்டில் நான்கைந்து எபிசோடை இறக்கிக்கொண்டு போங்கள், ஆனால் சிலவற்றுக்குக் கெடு நாள் உண்டு, அதற்குள் பார்த்துவிட வேண்டும். அடுத்த எபிசோட் தானாகத் தொடங்குவதையும் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நித்திரையான பிறகும் அது ஓடும்.