பேலும் குகையும் கடப்பாக்கல்லும்

அன்புள்ள ஐயா,

ஆந்திராவின் ராயலசீமையில் இருக்கும் பேலும் குகைக்குத் தாடிபத்ரி வழியாகக் குடும்பத்தோடு போய் வந்தோம். விசாகப்பட்டினம் பக்கத்துப் போரா குகையைப் பார்த்த கண்ணுக்குச் சப்பென்று இருந்தது. அங்கே கூரையெல்லாம் கல் தொங்குகிறது, இங்கே வெறும் சந்துகள். போதாததற்குப் புழுக்கம் வேறு. குகை என்றால் குளிர வேண்டாமா? இதற்கா இத்தனை பேர்?

ஓசூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் புழுக்கம். ஆழமான குகைக்குள் கோடையும் குளிரும் எட்டுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம்தான் உள்ளே நிலைக்கும். ராயலசீமையின் சராசரியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சந்துகள். அந்தச் சந்துதான் அங்கே சரக்கே. உங்கள் அடுக்களையில் கடப்பாக்கல் இருந்தால், எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் பளபளப்புப் போய் மங்கியிருப்பதைப் பாருங்கள். பேலும் இருப்பதும் அந்த வட்டாரத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லில்தான். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. விரிசலில் புகுந்து கல்லைக் கரைக்கிறது. அப்படிக் கரைத்தே 3,229 மீட்டருக்கு வழி பண்ணியிருக்கிறது. அடுத்த முறை விளக்கு சாய்வாக விழும் சுவர் அருகே நில்லுங்கள். எளிதில் கரைந்த அடுக்கு உள்வாங்கியும், கரைய மறுத்த அடுக்கு விளிம்பாக நீட்டிக்கொண்டும் இருக்கும்.

கல் தொங்குவது பிந்திய கதை. தண்ணீர் வடிந்து காற்று புகுந்த பிறகு, மேலிருந்து கசியும் துளி வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் படியவைக்கிறது. அதற்கு மேலே மழையும் மரமும் வேண்டும். போராவுக்கு அனந்தகிரிக் காடு இருக்கிறது, பேலுமின் தலைமேல் இருப்பதோ வறண்ட வயல்வெளி. ஆனாலும் கோடிலிங்கக் கூடத்தில் கூரைக் கல்லும் தரைக் கல்லும் வளர்ந்து ஒட்டிப் பெரிய தூணாகவே நிற்கின்றன. அதை எப்படித் தவறவிட்டீர்கள்?

1884-இல் இந்தக் குகையைப் பதிவு செய்தவர் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். ஆமாம், 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவரேதான். அப்புறம் ஏறக்குறைய நூறு வருஷம் யாரும் சீந்தவில்லை. ஊர்க்காரர்கள் உள்ளே குப்பை கொட்டினார்கள். 1982-83-இல் டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மானியக் குழு ஒன்று இறங்கி ஆராய்ந்தது. சுற்றுலாவுக்குத் திறந்தது 2002-இல்தான்.

பாதாளகங்கை வரை இறங்கினீர்களா என்று எழுதவில்லையே. 46 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஓடை அது. புழுக்கத்துக்குப் பயந்து பாதியில் திரும்பியிருந்தால், இன்னொரு முறை போய்த்தான் ஆக வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், பருத்திச் சட்டையோடு.